தாலி வர்ற வரைக்கும் ஒரு கல்யாணி

ஒத்தக்கடையில இருந்து பேசுறேன். பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டா அது மேலூர் ரோட்டுல போற பஸ்ஸு. ஜன்னலைச் சாத்திட்டேன், ஃபேனை ஆஃப் பண்ணிட்டேன், இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

போன வாரம் ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, ஜாஸ் பியானோ கேக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு புரிய மாட்டேங்குது. அந்த ஆளு யோசிச்சு வாசிக்கிறாரா, இல்ல கை போன போக்குல போறாரா?" நல்ல கேள்வி. இதுக்கு நான் ஆர்ட் டேட்டமைப் பத்திப் பேசணும், கீத் ஜாரெட்டைப் பத்திப் பேசணும், நம்ம விஜய் ஐயரைப் பத்திப் பேசணும். ஆனா எனக்கு இது புரிஞ்சது எங்க அக்கா கல்யாணத்துலதான். அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். அக்கா கல்யாண பட்ஜெட் என்கிட்டதான் இருந்துச்சு. ஐடி வேலைல இருக்குற பையன், எக்ஸெல் தெரியும், அதனால கணக்கு நீயே பாருன்னு அப்பா குடுத்துட்டாரு. நானும் ஒவ்வொரு வரிசையா பாத்து வெட்டிக்கிட்டே வந்தேன். 'நாதஸ்வரம் செட்: 5 பேர்' அப்படின்னு ஒரு வரி. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு தாளம். நான் சொன்னேன், "எதுக்குப்பா இது? யூடியூப்ல கெட்டிமேளம் இருக்கு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வச்சா முடிஞ்சுது." அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை நான் ட்ரான்ஸ்கிரிப்ட்ல போட முடியாது. கடைசியா ஒரு சமாதானத்துக்கு வந்தோம். செட்டை மூணு பேராக் குறைச்சோம். ஒரு நாயனம், ஒரு தவில், ஒரு தாளம். மிச்சமான காசை போட்டோ பூத்துல போட்டோம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவேன்.

கல்யாணம் தை மாசம், வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதே காலுல இருந்து பத்தே காலுக்குள்ள. பத்தரைக்கு ராகு காலம். மேடையில எல்லாம் சரியாப் போயிட்டு இருக்கு. ஒன்பது முப்பத்தஞ்சு வாக்குல மாப்பிள்ளையோட அம்மா முகம் மாறுது. பக்கத்துல இருந்தவங்க காதுல ஏதோ சொல்றாங்க. தாலி வச்ச பை இல்ல. மாட்டுத்தாவணி பக்கம் அவங்க தங்கியிருந்த லாட்ஜ் ரூம்லயே இருக்கு. ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியல. மாப்பிள்ளையோட தம்பி பட்டு வேட்டியோட பைக்கை எடுத்துட்டுப் பறந்தான்.

மண்டபத்துல ஐநூறு பேரு. யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், "அபசகுனம்"னு ஒரு பெருசு ஆரம்பிச்சா போதும். எங்க மாமா நேரா நாயனக்காரர்கிட்ட போய்க் குனிஞ்சு ஏதோ சொன்னாரு. அவரு தலையாட்டுனாரு. சீவாளியை ஒருதரம் நனைச்சுக்கிட்டாரு. ஆரம்பிச்சாரு.

இங்க கொஞ்சம் நிறுத்துவோம். தாலி வந்துடும். இப்போ ஜாஸுக்குப் போவோம்.

ஜாஸ்ல பெரும்பாலும் நடக்குறது என்னன்னா, ஒரு தெரிஞ்ச பாட்டோட மெட்டை முதல்ல வாசிப்பாங்க. நிறைய பாட்டுக்கு 32 பார் நீளம். அந்த மெட்டுக்கு அடியில ஒரு கார்டு வரிசை இருக்கும். மெட்டு ஒரு சுத்து முடிஞ்சதும் அதை எடுத்து ஓரமா வச்சுடுவாங்க. ஆனா கார்டு வரிசை மட்டும் அப்படியே திரும்பத் திரும்ப சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் கோரஸ்னு பேரு. அந்த வரிசை மேல பியானோக்காரர் அந்த நிமிஷத்துல ஒரு புது மெட்டைக் கட்டணும். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, பத்து சுத்துகூடப் போகும். கடைசியா பழைய மெட்டுக்கு வந்து இறங்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 32 பார், பாருக்கு 4 அடி, மொத்தம் 128 அடி. நிமிஷத்துக்கு 240 அடி வேகம்னா ஒரு சுத்து 32 செகண்டுல முடிஞ்சுடும். அடிக்கு ரெண்டு ஸ்வரம்னா செகண்டுக்கு 8 ஸ்வரம். எட்டுல ஒவ்வொண்ணுக்கும் 'இப்போ எதை வாசிக்கலாம்'னு உக்காந்து யோசிக்க மூளைக்கு நேரமே கிடையாது. அப்போ நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு முதல் பதில்: யோசிச்சு வாசிக்கிறது இல்ல. ஆனா கை போன போக்கும் இல்ல. அந்தக் கை எங்க எங்க போகலாம்னு இருபது வருஷமா பழக்கி வச்சிருக்காங்க.

நம்ம ஊர் சங்கீதம் பழகுனவங்களுக்கு இது புதுசே இல்ல. கச்சேரியில கல்பனாஸ்வரம் பாடுறப்போ தாளம் சுத்திக்கிட்டே இருக்கும், பாடுறவரு அந்த நேரத்துக்குத் தோணுற ஸ்வரங்களை அடுக்கிக்கிட்டே போய், பாட்டோட எடுப்பு எங்க இருக்கோ அங்க கரெக்டா வந்து விழணும். அரை அடி தவறுனாலும் மிருதங்கக்காரர் முகத்துல தெரிஞ்சுடும். இதுல பெரிய பேரு வாங்குனவரு நம்ம மதுரைக்காரர்தான். மதுரை மணி ஐயர், 1912ல பிறந்தவரு, 1968ல மறைஞ்சாரு. அவரு ஸ்வரம் பாடுறதைக் கேட்டா கணக்குப் போடுற மாதிரியே இருக்காது. யாரோ ரொம்ப சந்தோஷமா தெருவுல நடந்து போற மாதிரி இருக்கும். ஜாஸ்ல 'ஸ்விங்'னு சொல்றாங்களே, அதுக்கு எனக்குத் தெரிஞ்ச மிகப் பக்கத்துல இருக்குற தமிழ் உதாரணம் அவருதான். இந்த மொத்த சமாச்சாரத்துக்கும் நம்மகிட்ட அழகான ஒரு சொல்லும் இருக்கு: மனோதர்மம். 'இம்ப்ரொவைசேஷன்'னா முன்கூட்டித் தயார் பண்ணாததுன்னு அர்த்தம் வருது. மனோதர்மம்னு சொல்றப்போ மனசுக்கும் ஒரு தர்மம், ஒரு ஒழுங்கு இருக்குன்னு வருது. எனக்கு நம்ம சொல்தான் பிடிச்சிருக்கு.

சரி, ஆர்ட் டேட்டம். 1909ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் டொலீடோ ஊர்ல பிறந்தாரு. சின்ன வயசுல இருந்தே கிட்டத்தட்ட பார்வை கிடையாது. 1933ல தனியா உக்காந்து வாசிச்சு நாலு ரெக்கார்டிங் பண்ணாரு. அதுல 'டைகர் ராக்'னு ஒண்ணு. கனடாவுல ஆஸ்கர் பீட்டர்சன்னு ஒரு பையன், பின்னாடி அவரே பெரிய மேதை ஆனாரு. அவனுக்கு அந்த வயசுல கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு. அவங்க அப்பா இந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டுனாரு. பையன் கேட்டுட்டு ரெண்டு பேரு சேர்ந்து வாசிக்கிறாங்கன்னு நினைச்சுட்டான். இல்லப்பா, ஒரே ஆளு, அதுவும் கண்ணு தெரியாதவருன்னதும் ஆடிப்போய்ட்டான். வாரக்கணக்குல பியானோவைத் தொடவே இல்லையாம்.

ஆனா டேட்டம்கிட்ட வேகம் மட்டும் பாத்தா நாம ஏமாந்துடுவோம். அதே 1933 ரெக்கார்டிங்ல 'டீ ஃபார் டூ' கேளுங்க. மெட்டு மேல அப்படியே நிக்கும். அடியில கார்டுகளை ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருப்பாரு. வீடு அதே வீடுதான், ஆனா ஆள் இருக்கும்போதே அஸ்திவாரத்தை மாத்துற மாதிரி. வீடும் இடிஞ்சு விழாது.

டேட்டம் இறந்தது 1956 நவம்பர். அடுத்த மாசமே, 1956 டிசம்பர்ல, இங்க திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை போனாரு. இந்த ரெண்டு தேதியும் ஒருநாள் ராத்திரி எனக்குப் பக்கத்துப் பக்கத்துல கண்ணுல பட்டுச்சு. அன்னிக்குத் தூக்கம் வரல. ரெண்டு பேரும் சந்திச்சதே இல்ல. ஆனா ஒரே வேலையைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ராஜரத்தினம் பிள்ளைன்னா தோடி. ஒரு தோடியை மணிக்கணக்கா வாசிச்சு, கோயில் வீதியில ஊர்வலத்தை நிக்க வச்சவருன்னு பழைய ஆளுங்க கதை கதையா சொல்லுவாங்க. அவருக்கு வாத்தியமே பத்தல. அதுவரைக்கும் இருந்தது திமிரி, குட்டையான நாயனம், உச்ச சுருதி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செஞ்ச நீளமான பாரி நாயனத்தை எடுத்துக்கிட்டாரு. சுருதி இறங்குச்சு, கனம் கூடுச்சு, ராகத்தைப் பொறுமையா இழைக்க இடம் கிடைச்சுது. கருவி பத்தலன்னா கருவியையே மாத்துன ஆளு.

எல்லாருக்கும் அப்படி மாத்துற வசதி கிடைக்காது. இதுக்குத்தான் கீத் ஜாரெட் கதை. 1975 ஜனவரி 24. ஜெர்மனியில கொலோன் நகரத்து ஆபரா ஹவுஸ். கச்சேரிக்கு ஏற்பாடு பண்ணது வேரா பிராண்டஸ், அப்போ அவங்க ஒரு டீன் ஏஜ் பொண்ணு. ஜாரெட் கேட்டது ஒரு பெரிய கான்சர்ட் பியானோ. மேடையில இருந்தது ரிகர்சலுக்கு வச்சிருக்குற ஒரு சின்ன பியானோ. மேல் ஸ்தாயி தகரத்தைத் தட்டுன மாதிரி, கீழ் ஸ்தாயியில கனமே இல்ல, பெடல் சரியா வேலை செய்யல. ஜாரெட்டுக்கு வேற முதுகு வலி, தூக்கம் இல்ல. வாசிக்க மாட்டேன்னுட்டாரு. அந்தப் பொண்ணு கெஞ்சிக் கேட்டு, ஆளுங்க பியானோவை முடிஞ்ச மட்டும் சரி பண்ணி, ராத்திரி பதினொன்றரை வாக்குல மேடை ஏறுனாரு.

இனிமேதான் விஷயம். மேல கை வச்சா தகரம்னு தெரியும். அதனால பெரும்பாலும் நடு ஸ்தாயிலயே நின்னுட்டாரு. கீழ கனம் இல்லன்னு தெரியும். அதனால இடது கையில ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டி அந்தக் கனத்தை உண்டாக்குனாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல, ஒரு காகிதம்கூட முன்னாடி இல்லாம. அந்த ரெக்கார்டிங்தான் உலகத்துலயே அதிகமா வித்த தனிப் பியானோ ஆல்பங்கள்ல ஒண்ணு. நல்ல பியானோ கிடைச்சிருந்தா நல்ல கச்சேரி நடந்திருக்கும். இந்தக் கச்சேரி நடந்திருக்காது.

இதைப் படிச்சப்போ எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஏன்னா நானும் ஒரு காலத்துல கீபோர்டு வாசிச்சவன். கிரேடு எக்ஸாம் எல்லாம் எழுதிருக்கேன். நோட்ஸ் பாத்து, அப்படியே மனப்பாடம் பண்ணி, அச்சு மாதிரி வாசிப்பேன். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒரு பாட்டுக்கு நடுவுல ஒரு செகண்டு கரண்டு போய் வந்துச்சு. கீபோர்டு ரீஸ்டார்ட் ஆகி, நான் வச்சிருந்த ட்ரான்ஸ்போஸ் எல்லாம் அழிஞ்சு போச்சு. அதே கட்டையை அமுக்குனா வேற சுருதி வருது. பாடுற பொண்ணு நிறுத்தாம பாடிக்கிட்டு இருக்கு. ரெண்டு கட்டை தள்ளி வாசிச்சா போதும். அவ்வளவுதான். எனக்குக் கை வரல. ஏன்னா நான் பாட்டைக் கத்துக்கல, கட்டைகளோட வரிசையை மட்டும் கத்து வச்சிருந்தேன். கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு மிச்சப் பாட்டு முடியுற வரைக்கும் மேடையில சும்மா உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் நான் கீபோர்டைத் தொடல. அது பரண்ல இருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஹெர்பி ஹான்காக் ஒரு சம்பவம் சொல்லுவாரு. 1960கள்ல மைல்ஸ் டேவிஸ் குழுவுல பியானோ வாசிச்சவரு அவரு. ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல கச்சேரி. மைல்ஸ் டிரம்பெட்ல உச்சத்துக்குப் போயிட்டு இருக்காரு. ஹெர்பி ஒரு கார்டை அமுக்குறாரு, சுத்தமா தப்பான கார்டு. தலையில கை வச்சுட்டாரு. மைல்ஸ் ஒரு நொடி மூச்சு விட்டாரு. அப்புறம் சில ஸ்வரங்கள் வாசிச்சாரு. அந்த ஸ்வரங்கள் வந்ததும் ஹெர்பியோட தப்பான கார்டு சரியான கார்டா மாறிடுச்சு. ஹெர்பி இதுல இருந்து எடுத்துக்கிட்டது என்னன்னா, மைல்ஸ் அதைத் தப்புன்னே எடுத்துக்கல. ஏதோ ஒண்ணு நடந்துச்சு, அடுத்து என்ன பண்ணலாம்னு மட்டும் பாத்தாரு.

நம்ம வேலையில ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா முதல் அரை மணி நேரம் என்ன நடக்கும்? "யாரு டெப்ளாய் பண்ணது?" இதுதான் நடக்கும். மைல்ஸ் அந்தக் காலுல இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

இப்போ நம்ம ஆளு. விஜய் ஐயர். 1971ல நியூயார்க் மாநிலத்துல ஆல்பனியில பிறந்தவரு, அங்க போய்க் குடியேறுன தமிழ்க் குடும்பம். மூணு வயசுல இருந்து வயலின் முறையா கத்துக்கிட்டாரு. பியானோவைப் பெரும்பாலும் காதால கேட்டுத் தானாவே பழகுனாரு. காலேஜ்ல என்ன படிச்சாருன்னு நினைக்கிறீங்க? யேல்ல கணிதமும் இயற்பியலும். அப்புறம் பெர்க்லியில இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, பாதியில தடம் மாறி, 1998ல முனைவர் பட்டம் வாங்குனது தாளத்தையும் உடம்பையும் பத்தின ஆய்வுக்கு. ரொம்ப சுருக்கமா சொன்னா: தாளத்தை மூளை மட்டும் தனியா உக்காந்து எண்ணல. நடக்குற காலு, மூச்சு, தட்டுற கை எல்லாம் சேர்ந்துதான் இசையைப் புரிஞ்சுக்குது. 2013ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப். 2014ல இருந்து ஹார்வர்டுல பேராசிரியர். "இன்ஜினியரிங் முடிச்சுட்டு எதுக்குப்பா மியூசிக்?"னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு இந்த எபிசோடை ஃபார்வர்டு பண்ணுங்க.

அவரு பெரிதும் மதிக்கிற ஆளு தெலோனியஸ் மாங்க். மாங்க் வந்து டேட்டமுக்கு எதிர் துருவம். வேகமே காட்ட மாட்டாரு. ஒரு ஸ்வரத்தைத் தட்டிட்டு சும்மா இருப்பாரு. நீங்க 'என்னாச்சு?'ன்னு எட்டிப் பாக்குறப்போ அடுத்தது விழும், அதுவும் நீங்க நினைச்ச இடத்துல விழாது. விஜய் ஐயரோட 2009 ஆல்பம் 'ஹிஸ்டாரிசிட்டி' கேட்டீங்கன்னா டிரம்ஸ், பேஸ், பியானோ மூணும் வேற வேற கணக்குல நடக்குற மாதிரி இருக்கும், திடீர்னு மூணும் ஒரே இடத்துல காலை வைக்கும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகுன காதுக்கு அந்த இடத்துல தானா 'ஆஹா' வரும். 2011ல 'தீர்த்தா'ன்னு ஒரு ஆல்பம், கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கிற பிரசன்னாவோடயும் தபலா நிதின் மிட்டாவோடயும். பிரசன்னா யாரு? சென்னை ஐஐடியில கப்பல் கட்டுற இன்ஜினியரிங் படிச்சவரு. நான் ஒண்ணும் சொல்லல.

இங்க ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆகணும். 2019ல நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டிவி போட்டியில ஜெயிச்சான். 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'யை நிமிஷத்துக்கு 325 அடி வேகத்துல வாசிச்சான். அந்த வீடியோ நம்ம எல்லா ஃபேமிலி குரூப்லயும் வந்துச்சு. அசுரத்தனமான விரல். ஆனா அன்னிக்கு அவன் வாசிச்சது ஏற்கெனவே எழுதி வச்ச இசை. ரோடு போட்டிருக்கு, அதுல யாரும் ஓட்டாத வேகத்துல ஓட்டிக் காட்டுனான். மனோதர்மம்ங்கிறது வண்டி ஓடும்போதே ரோடும் போடுறது. ரெண்டும் கஷ்டம். ஆனா ரெண்டும் வேற வேற கஷ்டம். நாம முதல் கஷ்டத்துக்கு உடனே கை தட்டிடுறோம், ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது. ரெண்டாவது நடக்குறப்போ நடக்குதுன்னே தெரியாது.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னும் பாத்திருக்காங்க. 2008ல சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஆறு ஜாஸ் பியானோக்காரங்களை எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க வச்சு, காந்தம் இழுக்காத ஒரு சின்ன கீபோர்டை மடியில குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. மனப்பாடமா வாசிக்கிறப்போ ஒரு மாதிரி, மனோதர்மமா வாசிக்கிறப்போ வேற மாதிரி. மனோதர்மத்துல, 'இது சரியா, தப்பாப் போயிடுமோ'ன்னு நம்மளையே கண்காணிக்கிற பகுதி அடங்கிடுது. 'நான்'ங்கிறதைச் சொல்ற பகுதி விழிச்சுக்குது. ஆறே பேரை வச்சுப் பண்ண ஆய்வுதான், ரொம்ப இழுக்க வேணாம். ஆனா கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்த எனக்கு அது சரியாப் புரிஞ்சுது. அன்னிக்கு எனக்குள்ள இருந்த வாட்ச்மேன் தூங்கவே இல்ல.

சரி. மண்டபத்துக்குத் திரும்புவோம்.

அவரு எடுத்தது கல்யாணி. கல்யாணத்துக்குக் கல்யாணி, அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. கீழ இருந்து பைய ஆரம்பிச்சாரு. ஒரு இழை, ஒரு நிறுத்தம். நிறுத்துன இடத்துல தவில்காரர் நாலு சொல்லு போட்டு நிரப்புவாரு, கண்ணை இவரு முகத்துல இருந்து எடுக்கவே இல்ல. மறுபடி இன்னொரு இழை, கொஞ்சம் மேல. பத்து நிமிஷம் ஆச்சு. நான் போனைப் பாக்குறேன், பைக்ல போனவன் எடுக்கல. பதினஞ்சு நிமிஷம். முன் வரிசையில இருந்த ரெண்டு பெரியவங்க பேச்சை நிறுத்திட்டாங்க. ஒருத்தர் தொடையில தட்ட ஆரம்பிச்சாரு. இருபது நிமிஷம். சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்க எந்திரிச்ச ஆளுங்க வாசல்ல நின்னுட்டாங்க. யாரும் மணி பாக்கல. மாப்பிள்ளையோட அம்மாவைத் தவிர.

பத்து மூணுக்கு வாசல்ல பட்டு வேட்டி தெரிஞ்சுது. வேட்டியில கிரீஸு. கையில பை. மாமா கையைத் தூக்குனாரு. அந்த நொடியில நாயனம் மேல் ஷட்ஜத்துல போய் நின்னுச்சு. மண்டபமே நிமிர்ந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அங்க ஒரு மூச்சு நின்னு, இறங்கி, முடிச்சாரு. ரெண்டு நிமிஷத்துல தாலி மேடைக்கு வந்துச்சு, கெட்டிமேளம், அட்சதை, முடிஞ்சுது. ஐநூறு பேருல நானூத்தித் தொண்ணூறு பேருக்கு இன்னிக்கு வரைக்கும் நடந்தது தெரியாது. "நாயனம் நல்லாருந்துச்சுப்பா" அப்படின்னுட்டுப் பந்திக்குப் போயிட்டாங்க.

நான் மட்டும் ஒண்ணை யோசிச்சுப் பாத்தேன். நான் கேட்ட மாதிரி ப்ளூடூத் ஸ்பீக்கர் வச்சிருந்தா? ஆறாவது நிமிஷம் டிராக் முடிஞ்சு, ஒரு ரம்மி விளம்பரம் வந்திருக்கும்.

கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு அவரு வீட்டுக்குப் போனேன். நரசிங்கம் போற வழியில, யானைமலை அப்படியே வீட்டுக்குப் பின்னாடி படுத்திருக்கும். அறுபது வயசைத் தாண்டுனவரு. மைக் எடுத்துட்டுப் போயிருந்தேன், பேட்டி எடுக்கலாம்னு. ஐயா, அன்னிக்கு எப்படி இருபத்தெட்டு நிமிஷம் இழுத்தீங்கன்னு கேட்டேன்.

"இழுக்கலையே தம்பி"ன்னாரு. "இழுத்தா ஜனத்துக்குத் தெரிஞ்சுடும். தாலி வரும்னு தெரியும், எப்ப வரும்னு தெரியாது. மேல ஷட்ஜத்துக்குப் போயிட்டா அதுக்கப்புறம் இறங்கித்தான் ஆகணும். அதனால நிஷாதத்துலயே நின்னுக்கிட்டேன். கல்யாணியில அது ஒரு வசதி. வாசப்படியிலயே எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம், அழகாத்தான் இருக்கும். உங்க மாமா கையத் தூக்குனாரு, உள்ள போயிட்டேன்."

ஜாரெட் தகரச் சத்தம் வர்ற பக்கம் போகாம நடுவுல நின்னாரு. இவரு தாலி வர்ற வரைக்கும் ஷட்ஜத்துக்குப் போகாம நிஷாதத்துல நின்னாரு. எது இல்லையோ அதைச் சுத்தி வீடு கட்டுறது. நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்ல.

அப்புறம் அவரு சாதாரணமா இன்னொண்ணு சொன்னாரு. "எப்பவும் கூட ஒரு நாயனம் இருக்கும் தம்பி. நான் ஒரு பிடி வாசிச்சா அடுத்த பிடி அவரு வாசிப்பாரு, எனக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அன்னிக்குத் தனி ஆளா போச்சா, கடைசி அஞ்சு நிமிஷம் நெஞ்சு கொஞ்சம் அடைச்சுக்கிச்சு. வயசாச்சுல்ல."

அவரு குறையா சொல்லல. ஆளைக் குறைச்சது யாருன்னு அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் மைக்கைப் பையில இருந்து எடுக்கவே இல்ல. காபி குடிச்சேன். அந்த இன்னொரு நாயனக்காரருக்கு எவ்வளவு குடுத்திருப்போமோ அந்தக் காசை ஒரு கவர்ல வச்சுக் குடுத்தேன். "எதுக்கு தம்பி, பேசுனதைக் குடுத்துட்டீங்களே"ன்னாரு. பதில் சொல்லத் தெரியாம, அக்கா குடுக்கச் சொன்னாங்கன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். இந்த எபிசோடை அவரு கேக்க மாட்டாரு. கேட்டா, ஐயா, மன்னிச்சிருங்க.

கேக்குற மக்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் ஹெட்போன் போட்டுக்கிட்டு மூணு விஷயம் கேளுங்க. ராஜரத்தினம் பிள்ளையோட தோடி, டேட்டமோட 'டீ ஃபார் டூ', விஜய் ஐயரோட 'ஹிஸ்டாரிசிட்டி'. இதே வரிசையில கேளுங்க. அப்புறம் அடுத்த தடவை ஏதாவது கல்யாணத்துக்குப் போனா, செல்ஃபி எடுக்கப் போறதுக்கு முன்னாடி, அந்த ஓரத்து மேடையில வாசிக்கிறவங்க முகத்தை ஒரு நிமிஷம் பாருங்க. தவில்காரர் கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க.

ஆவணியில எங்க சித்தப்பா பையன் கல்யாணம். பட்ஜெட் ஷீட் மறுபடியும் என்கிட்டதான் வந்திருக்கு. நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, தாளம் ஒண்ணு. அந்த வரியை லாக் பண்ணி வச்சிருக்கேன், பாஸ்வேர்டு அம்மாகிட்ட இருக்கு. கீபோர்டையும் பரண்ல இருந்து இறக்கியிருக்கேன். இப்போதைக்குத் தூசி தட்டியாச்சு, அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடுல பாப்போம். வர்றேங்க.